வீட்டு வாயிலும் விளையாட்டு உலகமும்

தனித்து ஆடும் ஆட்டத்தினும் பலர் கூடி ஆடும் ஆட்டத்திற்கே சுவை மிகுதி. முன்னாளில் ஊர்ப் பொதுத்திடலிற் கூடிய சிறுவர், இக்காலத்தில் ஆளுக்கோர் ஊரிலிருந்தவாறே கணினித் திரையில் ஒன்றுகூடுகின்றனர். திடலுக்கு நிலம் வேண்டியதுபோல இவ்வாட்டத்திற்கும் ஓர் இடம் வேண்டும். அவ்விடம் சிலவேளைகளில் ஒரு வீட்டின் மூலையில் இருக்கும் கணினியாகவே அமைந்துவிடுகின்றது. அவ்வாறாயின், விளையாட வருவோருக்குக் கதவு திறக்கும்போது வீட்டின் மற்றை அறைகளைக் காப்பது எங்ஙனம் என்பது சிந்திக்கற்பாலது.

இத்தகைய ஆட்டங்களுள் உலகெங்கும் பேர்பெற்றது மைன்கிராஃப்ட். சுவீடன் நாட்டிலே தோன்றி, 2009ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்து, 2011ஆம் ஆண்டில் முழு வடிவம் பெற்ற இவ்வாட்டம், 2014ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 30 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகிவிட்டன என 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கனசதுரக் கட்டைகளை அடுக்கி வீடும் கோட்டையும் ஊரும் அமைப்பதே இதன் சாரம். இதன் ஜாவாப் பதிப்புக்குரிய சேர்வர் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். ஆதலால், நண்பர் சிலருக்குரிய உலகம் ஒன்றைத் தம் வீட்டிலேயே வைத்து நடத்த இளைஞர் பலர் விழைகின்றனர். விழைவு நல்லதே. கணினியின் இயல்பையும் இணையத்தின் இயல்பையும் கற்பதற்கு இதனினும் இனிய வழி அரிது.

சேர்வர் என்றவுடன் பெரியதோர் இயந்திரம் பலர் மனத்தில் தோன்றும். உண்மையில் அச்சொல் ஒரு தொழிலைக் குறிப்பது. அழைப்பு வரும்வரை காத்திருந்து, அழைத்தவருக்கு மறுமொழி கூறும் மென்பொருளே சேர்வர். காத்திருத்தலும் மறுமொழி கூறுதலும் ஆகிய இவ்விரு செயல்களை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இனி, வீட்டு ரூட்டரின் தொழிலை நோக்குதல் வேண்டும். இணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்னும் எண் முகவரி உண்டு. நெடுங்காலமாக வழங்கிவரும் நான்காம் பதிப்பு முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமையக்கூடும். உலக மக்கள் தொகைக்கே அது போதாது. இக்குறையைப் போக்க 1990களில் ஓர் உபாயம் வகுக்கப்பட்டது. வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு பொது முகவரி. வீட்டுக்குள்ளே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி உள்முகவரி. 192.168 எனத் தொடங்கும் எண்கள் அவ்வகை உள்முகவரிகளே. அவை ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்ப வழங்கலாம்; வெளியுலகில் அவற்றிற்குச் செல்வாக்கில்லை.

ஒரே தபால் முகவரியையுடைய பெரிய காரியாலயம் ஒன்றை எடுத்துக்கொள்வோர்க்கு இது தெளிவாகும். அங்குள்ள எழுதுவினைஞர் பலர் வெளியூர்களுக்குக் கடிதம் எழுதுவர். தபாற் பகுதியில் இருப்பவர், இன்ன மேசையிலிருந்து இன்னாருக்குக் கடிதம் சென்றது எனப் பதிவேட்டில் குறித்துவைப்பார். பதில் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரிய மேசைக்கு அனுப்புவார். எவரும் எழுதாத கடிதத்திற்குப் பதிலென்று ஒன்று வருமாயின், அதனை எந்த மேசைக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது, ஒதுக்கிவிடுவார். ரூட்டர் செய்வதும் இதுவே. உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கு வரும் பதிலை அது உரியவரிடம் சேர்க்கும். வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை விட்டுவிடும்.

முகவரிப் பஞ்சத்தைத் தீர்க்கவென்றே இம்முறை தோன்றியது. வீட்டுக்குக் காவலாகவும் அஃது அமைந்தது தற்செயலான பயனே. இத்தற்செயற் காவலின் நிழலிலேயே பல ஆண்டுகளாக வீட்டுக் கணினிகளும் தொலைக்காட்சிகளும் கமராக்களும் அச்சுப்பொறிகளும் வாழ்ந்துவருகின்றன. அவற்றுட் சில வலுவற்றவை; பழுதுபார்க்கப்படாதவை. வெளியார் எவரும் அவற்றை நேரே அழைக்க இயலாமையால் மட்டுமே அவை பிழைத்திருக்கின்றன.

அவ்வாறாயின், பிற ஊரிலுள்ள நண்பர் வீட்டுச் சேர்வரை அடைவது எவ்வாறு? இதற்காகவே ரூட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் என்னும் வசதி வைக்கப்பட்டுள்ளது. ஒரு முகவரியில் உள்ள பல சேவைகளை வேறுபடுத்திக் காட்டும் வாயில் எண்ணே போர்ட். அது 65535 வரை செல்லும். மைன்கிராஃப்ட் ஜாவாப் பதிப்பு வழமையாகக் காத்திருக்கும் வாயில் 25565. இந்த எண்ணுக்கு வரும் அழைப்பு எதுவாயினும் இன்ன உள்முகவரியிலுள்ள கணினிக்கு அனுப்புக என்று ரூட்டருக்கு நிலையான கட்டளை ஒன்று எழுதிவைப்பதே போர்ட் ஃபோர்வர்டிங். தபாற் பகுதியினருக்கு, இக்குறியிட்ட கடிதங்களைக் கேளாமலே ஏழாம் மேசைக்கு அனுப்பிவிடுக என்று சொல்லிவைப்பதை அஃது ஒக்கும்.

செய்முறை கடினமன்று. சேர்வர் ஓடும் கணினிக்கு உள்முகவரி நாளுக்கு நாள் மாறாதவாறு ரூட்டரிலேயே ஒதுக்கிவைத்தல் முதற்படி. இல்லையேல், சில நாள் கழித்துக் கட்டளை வேறொரு கருவியைச் சுட்டிநிற்கும். பின்னர், ரிசிபி வகை, 25565ஆம் வாயில் என அந்த ஓர் எண்ணை மட்டும் குறித்தல் வேண்டும். கணினியின் தீச்சுவரிலும் அவ்வாயிலுக்கு மாத்திரமே இசைவு அளித்தல் தகும். முடிந்தபின் சோதித்தற்கு வெளியிலுள்ள நண்பர் ஒருவரின் துணையை நாடுதல் நன்று. பல ரூட்டர்கள், வீட்டினுள்ளிருந்தே வீட்டின் பொது முகவரியை அழைத்தால் இணைப்புத் தருவதில்லை. அதனைக் கண்டு, வேலை சரிவரவில்லை என மயங்கி, தீச்சுவரையே அணைத்துவிடுவோர் உளர். அது பெரும் பிழை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. உலகில் எத்தனையோ கோடி வீடுகள் இருக்க, இந்தச் சிறு வீட்டின் வாயில் திறந்திருப்பதை யார் அறியப்போகின்றனர்? தெருக்கோடியிலுள்ள வீட்டுக்கு இவ்வாறு சொல்லலாம். இணையத்தில் தெருக்கோடி என்பதே இல்லை. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் இசட்மப் என்னும் கருவியை வெளியிட்டனர். நல்ல வேகமுள்ள ஒரே இணைப்பைக் கொண்டு, நான்காம் பதிப்பு முகவரிகள் அனைத்தின் ஒரு வாயிலையும் 45 நிமிடத்திற்குள் தட்டிப்பார்க்க இயலும் என அவர்கள் காட்டினர். அக்கருவி ஆராய்ச்சிக்காக எழுந்தது. ஆயினும், அதே வித்தை நல்லோர் அல்லாதாருக்கும் கைவந்தது. காவலில்லாத மைன்கிராஃப்ட் உலகங்களை இரவும் பகலும் தேடித் திரியும் மென்பொருள்களும் உள்ளன. எனவே, திறந்த வாயில் கண்டறியப்படும் என்று கொள்வதே அறிவுடைமை. வாயில் எண்ணை 25565இலிருந்து வேறொன்றாக மாற்றினால் தட்டுவோர் தொகை குறையலாம். ஆனால் அதனைப் பூட்டெனக் கொள்ளலாகாது.

கண்டறிந்தவர் என்ன செய்ய முடியும்? வாயில் திறந்திருப்பதனாலேயே ஒருவர் கணினி முழுவதையும் கைப்பற்றிவிட இயலாது. அவர் பேசக்கூடியது, வாயிலுக்குப் பின்னே காத்திருந்து மறுமொழி கூறும் அந்த ஒரு மென்பொருளுடன் மட்டுமே. அம்மென்பொருள் பிழையற்றதாயின், அவர் தட்டிவிட்டுச் செல்வார். அதில் பிழை இருப்பின், அதுவே அவருக்கு ஏணியாகும். ஆகவே, இக்காவலின் உயிர்நாடி வாயிலிற் பதில் சொல்பவரிடத்தே இருக்கின்றது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இவ்வுண்மை உலகுக்கு ஐயந்திரிபற விளங்கிற்று. ஜாவா மொழியில் எழுதப்பட்ட எண்ணற்ற மென்பொருள்கள் தம் நாட்குறிப்பை எழுதப் பயன்படுத்துவது அப்பாச்சி அமைப்பின் லொக்-ஃபோர்-ஜே என்னும் துணைநிரல். மைன்கிராஃப்டும் அதனையே பயன்படுத்திற்று. நாட்குறிப்பில் எழுத வரும் சொற்றொடரில் ஒரு குறிப்பிட்ட வடிவம் காணப்பட்டால், அத்துணைநிரல் அதனைக் கட்டளையாகக் கொண்டு, வெளியிடம் ஒன்றிலிருந்து நிரலைப் பெற்று இயக்கிவிடும் என்பது அப்போது வெளிப்பட்டது. விளையாட்டில் ஒருவரோடொருவர் பேசும் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதினாலே போதும். அவ்வரி நாட்குறிப்பிற் பதிவாகும். பதிவாகும் கணத்திலேயே சேர்வர் கணினி அயலார் சொற்படி நடக்கத் தொடங்கும். குறைபாடுகளின் கடுமையை அளக்கும் 10 என்னும் அளவுகோலில் இதற்கு முழுப் பத்தும் வழங்கப்பட்டது. டிசம்பர் 10ஆம் நாளிலேயே திருத்தப்பட்ட 1.18.1 பதிப்பு வெளிவந்தது. அன்றே புதுப்பித்தவர் தப்பினர். பழைய பதிப்பை அப்படியே ஓடவிட்டு மறந்தவரின் வாயில், திருத்தம் பெறும்வரை ஆபத்துடனேயே திறந்து கிடந்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு ரூட்டரையும் மற்றைக் கருவிகளையும் பற்றியது. 2016ஆம் ஆண்டில் மிராய் எனப்படும் தீநிரல் ஒன்று பரவிற்று. அது எந்த மதிநுட்பமான வழியையும் நாடவில்லை. தொழிற்சாலையில் வைக்கப்பட்ட பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கருவிகளைத் தேடி, 60க்கு மேற்பட்ட சோடிகள் கொண்ட பட்டியலை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. கமராக்களும் ரூட்டர்களும் அதன் வசமாயின. உச்சநிலையில் ஏறத்தாழ 6 இலட்சம் கருவிகள் அதன் ஏவலுக்கு உட்பட்டிருந்தன. அதன் நிரல் வெளியிடப்பட்டபின், அதனின்று தோன்றிய படையொன்று அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதால், பேர்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின.

மிராயை ஆக்கிய குற்றத்தை 2017ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இளைஞர் மூவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். மைன்கிராஃப்ட் சேர்வர்களை வாடகைக்கு நடத்துவோரிடையே நிலவிய போட்டியோடு இதன் தோற்றம் தொடர்புற்றிருந்தது எனப் புலனாய்வாளர் தெரிவித்தனர். ஒரு சேர்வரை வெள்ளம்போன்ற போலி அழைப்புகளால் மூழ்கடித்தால், அங்கு விளையாடுவோர் வேறிடம் நாடுவர் அன்றோ? விளையாட்டுத் திடலில் தொடங்கிய பகை உலக இணையத்தையே அசைத்தது. மாற்றப்படாத கடவுச்சொல்லையுடைய ஒரு வீட்டு ரூட்டர், தன் உரிமையாளர் அறியாமலே அப்படையில் ஒரு வீரனாக நின்றிருக்கக்கூடும்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் வீட்டார் கைக்கொள்ளத்தக்க ஒழுங்குகள் பிறக்கின்றன. அவற்றை ரூட்டர், சேர்வர், கணினி என்னும் மூன்று இடங்களில் வைத்து நோக்கலாம்.

முதலாவது, ரூட்டர். அதன் நிருவாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றி, நீண்டதொன்றை வைத்தல் வேண்டும். அதன் உள்மென்பொருளைப் புதுப்பித்தல் வேண்டும். வெளியிலிருந்து நிருவகிக்கும் வசதியை அணைத்துவிடல் வேண்டும். யூ.பி.என்.பி. என்னும் வசதி, வீட்டுக் கருவிகள் தாமாகவே ரூட்டரிடம் சொல்லி வாயில் திறந்துகொள்ள இடமளிப்பது. வசதிதான்; ஆயினும், எந்தக் கருவி எப்போது எந்த வாயிலைத் திறந்தது என்பதை வீட்டார் அறியார். திறக்க வேண்டியதைக் கையால் திறந்தவருக்கு அது தேவையில்லை. டி.எம்.இசட். எனக் குறிக்கப்படும் வசதியோ இன்னும் கொடிது. பிற கட்டளைகளுக்கு உட்படாத வாயில்கள் அனைத்தையும் ஒரே கணினிக்குத் திருப்பிவிடுவது அது. போர்ட் ஃபோர்வர்டிங் சரிவராதபோது இதனை இட்டால் வேலை முடியும் என்று சொல்வோர் உளர். சாவி பொருந்தவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றிவைக்கும் செயல் அது.

இரண்டாவது, சேர்வர். அதன் அமைப்புக் கோப்பில் வைட்லிஸ்ட் எனப்படும் அனுமதிப் பட்டியல் உண்டு. முதலில் அது செயற்படாமலே இருக்கும். உரிமையாளரே அதனை இயங்கச் செய்தல் வேண்டும். அதன்பின் பெயர் எழுதப்பட்டவர் தவிர வேறெவரும் விளையாட்டினுள் நுழையார். ஒன்லைன்மோட் என்னும் மற்றோர் அமைப்பு, வருபவர் தாம் சொல்லும் பெயருக்கு உண்மையில் உரியவர்தாமா என மைக்ரோசொஃப்ட் கணக்கின் வழியாக உறுதிப்படுத்துவது. இது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கும், இதனை அணைக்கலாகாது. அணைத்தால், பட்டியலிலுள்ள பெயரை எவரும் சூடிக்கொண்டு வரலாம், பட்டியல் வீணாகும். தொலைவிலிருந்து சேர்வருக்குக் கட்டளையிடும் ஆர்கொன் என்னும் வசதியை வெளியுலகுக்குத் திறத்தல் எக்காரணத்தாலும் ஆகாது. அதன் வழமையான வாயில் 25575. எண்கள் ஒத்த தோற்றமுடையனவாதலால் மயக்கம் நேராமற் பார்த்தல் வேண்டும்.

சேர்வரோடு பிறர் ஆக்கிய துணைநிரல்களைச் சேர்ப்போர் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பலரும் நம்பிப் பயன்படுத்திய களஞ்சியங்களிலேயே ஃப்ராக்சரைசர் என்னும் தீநிரல் புகுந்திருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. விளையாட்டுக்கு அழகூட்டவென்று பெற்றுக்கொண்டவை கடவுச்சொற்களைத் திருடின. இத்தகைய தீங்கு வாயில் வழியாக வருவதன்று. உரிமையாளரே கையாற் கொணர்ந்து உள்ளே வைப்பது. தேவையானவற்றை மட்டும், பலகாலும் பேணப்படுபவற்றை மட்டும் சேர்த்தலே முறை.

மூன்றாவது, கணினி. சேர்வரை நிருவாக அதிகாரமுள்ள கணக்கில் ஓட்டலாகாது. அதற்கென அதிகாரம் குறைந்த தனிக்கணக்கு ஒன்று அமைத்தல் வேண்டும். சேர்வர் பகைவர் கைப்பட்டாலும், அக்கணக்குக்கு எட்டாதவை அவருக்கும் எளிதில் எட்டா. குடும்பத்தின் வங்கிக் கருமங்களும் புகைப்படங்களும் பிள்ளைகளின் பாடங்களும் உள்ள கணினியிலேயே சேர்வரை வைப்பதினும், பழைய கணினி ஒன்றை அதற்கென ஒதுக்குதல் சாலச் சிறந்தது. ரூட்டர் இடமளிக்குமாயின், அக்கணினியை மற்றைக் கருவிகளோடு பேச இயலாத தனி வலையமைப்பில் வைத்தல் அதனினும் சிறந்தது. விளையாட்டு உலகத்தின் காப்புப் பிரதியை நாள்தோறும் எடுத்து, வேறோர் இடத்தில் வைத்தலும் வேண்டும். பல மாதம் உழைத்துக் கட்டிய கோட்டை ஓரிரவில் அழிந்தால் இளையோர் படும் துயரம் சிறிதன்று. பிரதி இருப்பின் அது மறுநாளே மீளும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. வீட்டின் பொது முகவரியை அறிந்த தீயோர் ஒருவர் போலி அழைப்பு வெள்ளத்தை அனுப்பினால், அதனை வீட்டு ரூட்டரால் தடுக்க இயலாது. வெள்ளம் வாயிலுக்கு வருமுன்னரே தெருவை நிரப்பிவிடும். தடுக்கவல்லவர் இணையச் சேவை வழங்கும் நிறுவனத்தினரே. ஆதலால், முகவரியை நண்பருக்கு மட்டும் சொல்லுதலும், அறியாதவர் கூடும் இடங்களில் எழுதாமையும் நன்று.

வாயில் திறக்கவே இயலாத இணைப்புகளும் உண்டு. முகவரிப் பஞ்சத்தால், இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் கீழ் வைப்பதுண்டு. கைத்தொலைபேசி அலைவழி வரும் வீட்டு இணைப்புகளில் இது மிகுதி. இதற்கென 2012ஆம் ஆண்டில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. ரூட்டரின் பக்கத்திற் காணும் வெளிமுகவரியும், இணையத்தளம் ஒன்று காட்டும் முகவரியும் வேறுபடுமாயின், அவ்வீடு இவ்வகையில் அமைந்தது எனக் கொள்ளலாம். அங்கு போர்ட் ஃபோர்வர்டிங் பயன் தராது. மறுபுறத்தில், ஆறாம் பதிப்பு முகவரிமுறை வந்த வீடுகளில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கின்றது. முன்னர்ச் சொன்ன தற்செயற் காவல் ஆங்கு இல்லை. ரூட்டரின் தீச்சுவர் ஒன்றே காவல். அஃது இயங்குகின்றதா எனப் பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

நண்பர் நாலைந்து பேரே விளையாடுவர் என்றால், வெளியுலகுக்கு வாயில் திறவாமலே கருமம் முடிக்கும் வழியும் உண்டு. வயர்கார்ட், டெய்ல்ஸ்கேல் போன்ற வி.பி.என். முறைகள், குறிப்பிட்ட கணினிகளுக்கிடையே மறைபொருளாக்கப்பட்ட தனிப்பாதை அமைப்பவை. சாவி உடையவர்க்கே அப்பாதை உண்டு. தட்டித் திரிவோர் கண்ணுக்குச் சேர்வர் புலப்படாது. இவற்றுள் டெய்ல்ஸ்கேல் போன்றவை, பொது முகவரியைப் பலரோடு பகிரும் இணைப்புகளிலும் இயங்கும். நண்பர் ஒவ்வொருவரும் ஒரு மென்பொருளை நிறுவிக்கொள்ளும் சிறு தொல்லையே இதன் விலை. பலர் வந்துபோகும் பெரிய உலகம் வேண்டுவோர், அதற்கென உள்ள நிறுவனங்களிடம் சேர்வரை வாடகைக்குப் பெறலாம். அப்போது விருந்தினர் வீட்டின் பக்கமே வாரார்.

ஆகவே, வீட்டில் சேர்வர் நடத்துதல் அஞ்சத்தக்க செயலன்று. கவனமின்றிச் செய்யத்தக்கதும் அன்று. ஒரு வாயிலை மட்டும் திறத்தல், வருவோர் பெயரை எழுதிவைத்தல், வாயிலில் மறுமொழி கூறும் மென்பொருளைப் புதுமை குன்றாமற் பேணுதல், அதன் கைக்கு எட்டுவதைக் குறைத்துவைத்தல் ஆகிய நான்குமே இதன் சாரம். ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதனையே பெரும்பாலோர் மறப்பர். விளையாட்டு முடிந்து, பிள்ளைகள் வேறு நாட்டங்களுக்குச் சென்ற பின்னரும், ரூட்டரில் எழுதிய கட்டளை தானாக அழியாது. எவரும் பேணாத பழைய சேர்வர் ஒன்று, திறந்த வாயிலுக்குப் பின்னே அழைப்புக்குக் காத்தவாறே இருக்கும். கடைசி ஆட்டம் முடிந்த நாளிலேயே ரூட்டரின் பக்கத்தைத் திறந்து அக்கட்டளையை நீக்குபவரே வீட்டைக் காத்தவராவர்.